பதிவேடு சொன்ன சாட்சி

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

வாய்ச்சொல் மாறக்கூடும்; ஏட்டில் எழுதியது மாறாது என்று பெரியோர் கூறுவர். அது உண்மையே. ஆனால் ஏட்டில் எழுதியதைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால், அந்த ஏடே ஒரு குற்றமற்றவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். இதனை நான் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எங்கள் இல்லத்திலேயே கண்டேன். அதனை நம் ஆண்டு மலரில் எழுதினால் என் தோழியருக்குப் பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை வரைகிறேன்.

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் வருவது சிறுசேரி. இன்று அங்கே சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள் வானளாவ நிற்கின்றன. அவற்றினுள்ளே கணினிகளின் முன் அமர்ந்திருப்போரைப் பற்றி எல்லோரும் பேசுவர். அந்தக் கண்ணாடிகளைத் துடைப்போரைப் பற்றியும், தரையைப் பெருக்குவோரைப் பற்றியும் பேசுவோர் குறைவு. என் அத்தை அத்தகையோருள் ஒருவர். அப்பாவின் மூத்த சகோதரி, எங்களுடனேயே வசிப்பவர். அவ்வூரில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் துப்புரவு வேலை செய்கிறார். காலை 7 மணிக்குச் சென்று, பிற்பகல் 3.30க்கு வேலை முடிந்து பேருந்து ஏறி வருவார்.

அதே நிறுவனத்தில்தான் என் அண்ணனும் பணிபுரிகிறார். டிப்ளமோ படித்தவர். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச், கேபிள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அத்தைக்கு அவ்வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அந்த நிறுவனத்துக்கு முன்கட்டடம் ஒன்று, பின்கட்டடம் ஒன்று என இரண்டு உண்டு. பின்கட்டடம் கிடங்கு. கிடங்கில் எழுதப்படும் சரக்குக் கணக்குகள் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக உடனுக்குடன் முன்கட்டடத்துக்கு வந்து சேரவேண்டும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் சில நாட்களில் சில கணக்குகள் வந்து சேரவில்லை என்று புகார் எழுந்தது. ஆகஸ்ட் 21, 25, செப்டம்பர் 2, 4 ஆகிய நான்கு நாட்களில் இது நேர்ந்தது. மறுநாள் காலையில்தான் குறை தெரியவரும். எந்த நேரத்தில் விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் அச்சமயம் அலுவல் நிமித்தம் கோயம்புத்தூர் சென்றிருந்தார். அலுவலக அதிகாரி ஒருவர் முன்கட்டடத்துச் சுவிட்சின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். செப்டம்பர் 4ஆம் தேதிக்கு நேராக, "11:42 இணைப்பு விழுந்தது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மற்ற மூன்று நாட்களிலும் ஏறத்தாழ அதே நேரம். முற்பகல் 11.30க்கும் 12 மணிக்கும் இடையே அந்தக் கிடங்கு அறையில் இருப்பவர் யார்? துடைப்பத்துடன் என் அத்தை. "பெருக்கும்போது ஒயரை இழுத்துவிடுகிறாள்" என்று முடிவாயிற்று. "திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்" என்று செப்டம்பர் 6ஆம் தேதி மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தை வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. "நான் அந்தப் பெட்டிப் பக்கம் போகிறதே இல்லை கண்ணு. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் உறங்கவில்லை. வேலை போனதைவிட, தன்னைச் சொல்லிவைத்த அண்ணனுக்குக் கெட்ட பெயர் வந்ததே என்பதுதான் அவருக்குப் பெருந்துயரம்.

இங்கே பதிவேடு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'லாக்' என்பார்கள். அச்சொல்லுக்கு மரக்கட்டை என்பதே பொருள். பழங்காலத்து மாலுமிகள் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு ஓடும் வேகத்தைக்கொண்டு கப்பலின் வேகத்தை அறிந்தனர். அதைக் குறித்து வைத்த புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. கணினிகளும் அவ்வாறே தமக்கு நேர்வதையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1980களில் எரிக் ஆல்மன் என்பவர் 'செண்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரலுக்காக 'சிஸ்லாக்' என்ற முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் கணினிகளும் சுவிட்சுகளும் அம்முறையில் குறிப்பெழுதுகின்றன.

அம்முறையில் ஒவ்வொரு குறிப்புக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண் உண்டு. 0 என்றால் எல்லாமே நின்றுபோன பேராபத்து, 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் செய்தி, 7 நிபுணர்கள் நுணுகி ஆராய்வதற்கானது. எண் சிறிதானால் ஆபத்து பெரிது! நம் தேர்வு மதிப்பெண்ணுக்கு நேர் எதிரானது என்று நான் சொன்னபோது அண்ணன் சிரித்தார்.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அன்னை மரியாவின் பிறப்புப் பெருவிழா. அன்று காலைதான் அண்ணன் ஊரிலிருந்து திரும்பி அலுவலகம் சென்றார். நடந்ததைக் கேள்விப்பட்டுத் துடித்துப் போனார். ஆயினும் அதிகாரியிடம் சென்று, "என் அத்தை அப்படிச் செய்யமாட்டார்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "சொந்தக்காரன் அல்லவா, அப்படித்தான் சொல்வான்" என்றிருப்பார்கள். அதனால் அவர் அதிகாரியிடம், "ஐயா, அந்தப் பதிவேட்டை நானும் ஒருமுறை முழுவதும் பார்க்க அனுமதி தாருங்கள்" என்று மட்டும் கேட்டார். அவரும் அனுமதித்தார்.

அண்ணன் அந்தச் சுவிட்சினுள் நுழைந்தபோது அவருடைய நுழைவும் ஒரு வரியாகப் பதிவாயிற்று. சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி 9.15. பதிவேட்டிலோ 3:45! அதிகாலை 3.45க்கு அவர் பேருந்தில் அல்லவா உறங்கிக்கொண்டிருந்தார்? அந்த ஒரு வரியிலேயே முடிச்சு அவிழ்ந்தது. இரண்டுக்கும் இடையே சரியாக 5 மணி 30 நிமிட வித்தியாசம்.

நம் இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதை நாம் புவியியலில் படித்திருக்கிறோம். யாரும் இந்திய நேரம் என்று சொல்லிவைக்காததால், அந்தச் சுவிட்ச் உலகப் பொது நேரத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. அதன்மீது குற்றமில்லை, அது உண்மையைத்தான் எழுதியது. ஆகவே 11:42 என்பது முற்பகல் அன்று. அதனுடன் 5.30ஐக் கூட்டினால் மாலை 5.12 ஆகிறது. அத்தையோ 3.30க்கே வேலை முடித்துப் புறப்பட்டுவிடுபவர். வாயிலில் விரல் வைத்துவிட்டுச் செல்லும் வருகைப் பதிவுக் கருவியில் செப்டம்பர் 4ஆம் தேதி அவர் வெளியேறிய நேரம் 3.34 என்று இருந்தது.

நேரத்தை ஒன்றுபடுத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1802இல் சென்னை வானியல் ஆய்வகத்து வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் சென்னைக்குரிய நேரத்தைக் கணித்தார். அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று ஊருக்கு ஊர் நேரம் இருந்தால் புகைவண்டி எப்படி ஓடும்? அதனால் இந்திய இரயில்கள் பல்லாண்டு காலம் 'மதராஸ் நேரத்தை'ப் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியப் பொது நேரம் வந்தது. புகைவண்டிக்குப் பொருந்தியது கணினிக்கும் பொருந்தும்.

நேரம் தெரிந்துவிட்டது, இடம் தெரியவேண்டாமா? அதற்கு அண்ணன் இரண்டாவது சாட்சியை அழைத்தார். அதுவே பின்கட்டடத்துச் சுவிட்ச். அதற்கும் சொந்தப் பதிவேடு உண்டு. அதில் செப்டம்பர் 4ஆம் தேதி இணைப்பு விழுந்த நேரம் 17:08 என்றிருந்தது. அதாவது மாலை 5.08. முதல் சாட்சி சொன்னதோ 5.12. இவை வேறு வேறு நிகழ்ச்சிகளோ என்று ஐயம் தோன்றும். அண்ணன் அந்தச் சுவிட்சின் கடிகாரத்தைத் தம் கைபேசியோடு ஒப்பிட்டார். யாரோ கையால் திருத்தி வைத்த கடிகாரம் அது. 4 நிமிடம் பின்தங்கி ஓடியது. 5.08உடன் 4 நிமிடம் சேர்த்தால் 5.12. இரு சாட்சிகளும் ஒன்றையே சொன்னார்கள்!

இதைக் கேட்டபோது மறைக்கல்வி வகுப்பில் படித்த சூசன்னாவின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. முதியோர் இருவர் அவர்மீது பழி சுமத்தினர். இளைஞரான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் அடியில் கண்டீர்கள் என்று வினவினார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லிப் பொய் வெளிப்பட்டது. சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்துப் பிறகு ஒப்பிடவேண்டும் என்ற பாடம் எத்தனை பழமையானது!

இரு சுவிட்சுகளுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி உண்டு. 'மீடியா கன்வர்ட்டர்' என்பது அதன் பெயர். கண்ணாடி இழையில் வரும் ஒளியைச் செம்புக் கம்பிக்குரிய மின்குறியாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். அது பின்கட்டடத்தில் இருந்தது. அண்ணன் ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். "கண்ணாடி இழை மட்டும் அசைந்திருந்தால் முன்சுவிட்ச் மட்டும் புகார் எழுதும். பின்சுவிட்சுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள செம்புக் கம்பி நன்றாக இருப்பதால் அது பேசாமல் இருக்கும். நம் பெட்டி எளிய வகை. ஒரு பக்கத்துச் செய்தியை மறுபக்கம் சொல்லாது. ஆனால் இங்கே இரண்டும் ஒரே கணத்தில் விழுந்திருக்கின்றன. இரு சுவிட்சிலும் 'நான் அணைந்து எழுந்தேன்' என்ற வரி இல்லை. அப்படியானால் அணைந்தது எது?"

"நடுவில் உள்ள பெட்டி!" என்றேன் நான்.

"சரி. ஆனால் பெட்டியின் மின்சார ஒயரைத் துடைப்பம் தட்டினாலும் இப்படித்தான் ஆகும். இடம் தெரிந்துவிட்டது, காரணம் இன்னும் தெரியவில்லை" என்றார் அண்ணன். தமக்குச் சாதகமான விடை வந்தவுடன் அவர் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அன்று மாலைத் திருப்பலி முடிந்து வந்தபின் நாங்கள் மூவரும் கூடத்தில் அமர்ந்தோம். அதிகாரியின் அனுமதியோடு அந்த ஒரு இணைப்புக்குரிய வரிகளை மட்டும் அண்ணன் தாளில் எடுத்து வந்திருந்தார். ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 6 வரை உள்ள மூன்று வாரத்துப் பதிவு. நான் ஒவ்வொரு வரியாகத் தேதியையும் நேரத்தையும் படித்து 5.30ஐக் கூட்டிச் சொல்ல, அவர் கோடு போட்ட தாளில் எழுதினார். அத்தை ஒரு பக்கம் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

புகார் வந்தது நான்கு நாட்கள்தாம். பதிவேட்டிலோ இணைப்பு 17 முறை விழுந்திருந்தது! எல்லாம் மாலை 5.05க்கும் 5.20க்கும் இடையில். ஒவ்வொரு முறையும் சில நொடிகளில் இணைப்பு எழுந்துவிட்டது. எழுந்தபின்னும், வழி சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுச் செய்திகளை அனுப்பச் சுவிட்ச் மேலும் 30 நொடி எடுத்துக்கொள்ளும். அந்த அரை நிமிடத்தில் கிடங்கில் யாரேனும் கணக்கு எழுதியிருந்தால்தான் அது விட்டுப்போகும். யாரும் எழுதாத நாளில் யாருக்கும் தெரியாது. நோவு கண்ட நாளை மட்டும் மனிதர் நினைவில் வைப்பர். பதிவேடு எல்லா நாளையும் வைக்கிறது.

"ஆகஸ்ட் 28, மாலை 5.09. ஆகஸ்ட் 29, மாலை 5.14. ஆகஸ்ட் 30..." என்று நான் படித்துக்கொண்டே போனேன்.

கீரை ஆய்ந்த கை நின்றது. "இருபத்தொன்பதா கண்ணு? அன்றைக்கு நான் வேளாங்கண்ணியில் அல்லவா இருந்தேன்? மாதாவுக்குக் கொடியேற்றம் ஆயிற்றே" என்றார் அத்தை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 28, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் அத்தை விடுமுறை பெற்றுத் திருத்தலத்துக்குச் சென்றிருந்தார். அந்த மூன்று மாலைகளிலும் இணைப்பு தவறாமல் விழுந்திருக்கிறது. எழுத்தறிவு அதிகமில்லாத என் அத்தை, தமக்குரிய சாட்சியைத் தாமே கண்டுபிடித்துவிட்டார்.

அத்தோடு மற்றொன்றும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வரிகூட இல்லை. ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி விடுமுறையன்றும் இல்லை. "அலுவலகம் நடக்கும் நாளில் மட்டும், மாலை ஐந்து மணிக்குமேல் அங்கே என்ன நடக்கிறது?" என்று அண்ணன் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய் மாலை, அவர் அதிகாரியையும் அழைத்துக்கொண்டு கிடங்கு அறையில் காத்திருந்தார். மணி 5.10ஐத் தாண்டியது. வெளியே காவலாளி மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைப் போட்டார். அறையின் குழல்விளக்கு ஒருகணம் மங்கி எரிந்தது. அந்தச் சிறு பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்து, மீண்டும் எரிந்தன. அவ்வளவுதான்! மோட்டார் கிளம்பும்போது தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கை இழுக்கும். அதனால் அந்த வழியில் மின்னழுத்தம் ஒரு நொடி தாழும். சுவிட்சுகள் இரண்டும் யு.பி.எஸ்.ஸில் இருந்ததால் தப்பின. பெட்டியின் அடாப்டர் மட்டும் மோட்டாருக்குரிய மின்வழியிலேயே சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருந்தது.

அதை எடுத்து யு.பி.எஸ். பிளக்கில் செருகினார்கள். ஒரு ரூபாயும் செலவில்லை. இரு சுவிட்சுகளுக்கும் இந்திய நேரத்தைச் சொல்லிவைத்து, இரண்டும் ஒரே இடத்திலிருந்து நேரம் பெறுமாறு செய்தார் அண்ணன். டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்கர் 1985இல் வகுத்தளித்த நேர ஒத்திசைவு முறை அதற்கென்றே இருக்கிறது. நம் அரசின் செர்ட்-இன் அமைப்பும் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணையில், நிறுவனங்கள் பதிவேடுகளை 180 நாட்கள் காக்கவேண்டும் என்றும், கடிகாரங்களை அரசின் நேரச் சர்வர்களோடு ஒத்துவைக்கவேண்டும் என்றும் கூறியிருக்கிறது. அதன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புதன் மாலையும் வியாழன் மாலையும் மோட்டார் ஓடியது; பதிவேட்டில் ஒரு வரியும் விழவில்லை. அதிகாரி வியாழனன்று தாமே தொலைபேசியில் அத்தையை அழைத்து, வேலைக்கு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை அத்தை மீண்டும் சென்றார். இடையில் போன நான்கு நாள் கூலி மட்டும் வரவில்லை. "வேலை செய்யாத நாளுக்குக் கூலி ஏது?" என்று ஒப்பந்தக்காரர் கூறிவிட்டார். அண்ணன் அந்த அட்டவணையையும் சேர்த்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இதை எழுதும்வரை மறுமொழி இல்லை.

சிறு நிறுவனத்தில் நேர்ந்தது பெரிய உலகிலும் நேர்கிறது. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவை அடுத்த கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலும் இணையம் பெரிதும் தளர்ந்தது. 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுடையது. இத்தகைய நீண்ட கண்ணாடி இழைகளில் பழுது வந்தால், கரையிலிருந்து ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளப்பது ஒரு வழி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் திரும்பினால் பழுது சுமார் 100 கி.மீ. தூரத்தில் என்று கணக்கு. அங்கும் நேரத்தைச் சரியாக அளந்தால்தான் இடம் தெரியும்.

தோழியரே, கோவலன்மீது வந்த பழியைப் பாண்டிய மன்னன் ஆராயாது ஏற்றான். சிலம்பை உடைத்து உள்ளிருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்று முன்னரே பார்த்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காது. ஒரு நகரம் எரிந்திருக்காது. நம் வகுப்பறையில் ஒரு பேனா காணாமற்போனாலும், நாம் முதலில் யாரைப் பார்க்கிறோம்? பதில் சொல்ல வலுவற்றவரை அல்லவா? துடைப்பம் ஏந்திய கை என்றால் பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மோட்டாரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் அத்தையின் பெயரை மீட்டது அண்ணனின் பாசமன்று. பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் செய்த கணக்கு. அதே சமயம், எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தை உறங்காமல் கழித்த இரவுகளை எந்தச் சுவிட்சும் குறித்துவைக்கவில்லை. அவற்றை நினைவில் வைப்பது மனிதராகிய நம் கடமை. ஒருவர்மேல் குற்றம் சொல்லுமுன் நேரத்தைப் பார்ப்போம், இடத்தைப் பார்ப்போம், இரு தரப்பையும் கேட்போம். அதற்குரிய பொறுமையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!